காலி செய்தல்

இரவு இரண்டே கால்.
பாபுராவ் தெரு, எங்கள் லாட்ஜ் கவுண்டர்.
ஸ்கேனர் மேல் ஒரு பங்களாதேஷ் பாஸ்போர்ட்
கவிழ்ந்து கிடக்கிறது.
ராஜ்ஷாஹியிலிருந்து வந்த அம்மாள்
சூட்கேஸைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் தூங்குகிறாள்.
சி ஃபார்ம் ஏற்றவேண்டும்.
கணினி சொல்கிறது: இடமில்லை.

பதினோரு வருஷமாய் இந்த நாற்காலியிலிருந்து
நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.
மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்தாவது
ஆளைப் படுக்கவைத்திருக்கிறேன்.

லினக்ஸ் போட்டவன் முதலாளி மச்சான் தணிகாசலம்,
காசு மிச்சம் என்று.
கறுப்புத் திரையில் நாலு கட்டளை சொல்லிக்கொடுத்துவிட்டு
ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.
அந்த நாலில் ஒன்று, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்பது.
கேட்டேன்.

வங்காள விசைப்பலகை மூன்று தினுசு,
மால்டாக்காரருக்கு ஆனது கொல்கத்தாக்காரருக்கு ஆகவில்லை.
கண் வைத்தியத்துக்கு வந்தவருக்காக
எழுத்தை வாசிக்கும் ஒரு குரல்;
தமிழைக் கொடுத்தால்
வாய் நிறைய வெற்றிலையோடு பேசும்.
திரிபுராப் பையன் பாட்டு வெட்டி ஒட்டிய மென்பொருள்.
செஸ்.
பழைய கர்னல் நாலு,
ரிட்டயரான பிறகும் ஆபீஸ் வந்து
பேப்பர் படிக்கும் மேனேஜர்கள் மாதிரி.

செஸ்ஸை எடுத்தேன், போயிற்று.
குரலை எடுத்தேன், சத்தமில்லாமல் போயிற்று.
ஒரு வீடியோ பிளேயரில் கைவைத்தபோதுதான்
இதோடு நூற்றுப் பன்னிரண்டு போகும் என்றது.
மேலே ஏற்றிப் படித்தால்
பிரிண்டர் இருக்கிறது, மவுஸ் இருக்கிறது,
நான் பார்த்துக்கொண்டிருக்கும் திரையே இருக்கிறது.
தொடரட்டுமா?
ஒய் பெரிய எழுத்தில், என் சின்ன எழுத்தில்.
யோசிக்காமல் என்டர் தட்டுகிறவனை
சரி என்றவனாகக் கணக்கெடுக்கும்.

போன வருஷம் வாட்ச்மேன் கோதண்டத்தை
முதலாளி இப்படித்தான் நிறுத்தினார்.
மறுநாள் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை.
ஜெனரேட்டர் சாவி எங்கேயென்று தெரியவில்லை.
எட்டாம் நம்பர் கதவை
எந்தப் பக்கம் தூக்கினால் திறக்கும் என்றும் தெரியவில்லை.
மூன்றாம் நாள், ‘இன்னா பண்றது, போய் இட்டுனு வா’ என்றார்.

சின்ன எழுத்தை அடித்தேன்.

அதற்குப் பிறகு தானாகவே ஒரு பட்டியல் நீட்டியது:
இவை யாருக்கும் இனித் தேவையில்லை.
எவற்றுக்கோ துணையாக வந்தவை,
அவை போனபின் தங்கிவிட்டவை.
அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.
பேஷன்ட் இல்லாமல் போன பிறகு
காட்பாடியில் டிக்கெட் உறுதியாகும்வரை
அறைக்குள் லைட் போடாமல் இருப்பார்கள்.
அந்த இரண்டு நாளுக்கு
முதலாளிக்குத் தெரியாமல் பாதி வாடகைதான் எழுதுவேன்.

பட்டியலை அனுப்பிவிட்டேன்.
இருந்தும் போதவில்லை.

மிச்சமிருந்ததில் பெரியது வான வரைபடம், முந்நூறு எம்.பி.
பதினாலாம் நம்பரில் நாற்பது நாள் இருந்த
ப்ரதுல் ஹால்தார் போட்டது.
தம்பிக்கு எலும்பு மஜ்ஜை.
ராத்திரி என் நாற்காலியைக் கேட்டு வாங்கி
அவன் ஊர் வானத்தைத் திறந்துவைத்துக்கொள்வான்.
மாடிக்குப் போனால் தெரியுமே என்றேன் ஒருநாள்.
ஆஸ்பத்திரி வெளிச்சம் மறைக்கிறது தாதா, என்றான்.

வேரோடு எடு, என்று தட்டினேன்.
ஐந்தாறு வரி ஓடி நின்றது.

பாஸ்போர்ட் ஏறியது. சி ஃபார்ம் போனது.
அம்மாளை எழுப்பி ஒன்பதாம் நம்பர் சாவி கொடுத்தேன்.
படியேறும்போது சூட்கேஸை என்னிடம் தரமாட்டேன் என்றாள்.

தூக்கம் வராமல் திரும்பவும் துழாவினேன்.
வேரோடு என்றாலும்
வீட்டு அடைவுக்குள் அது கைவைப்பதில்லை போலிருக்கிறது.
முன்னால் ஒரு புள்ளி வைத்து ஒளிந்திருந்தது ஒரு ஃபோல்டர்.
உள்ளே ஒரு கோப்பு:
ஊர் பாலுர்காட்.
அட்சரேகை இருபத்தைந்து புள்ளி இரண்டு.
நாலு கே.பி.

ரிஜிஸ்டரில் பதினாலுக்கு நேரே
காலி என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தில்.
மணி நாலரை.
மோட்டார் போட கோதண்டத்தை எழுப்பினேன்.